எத்தனை டெசிபல் என்று மட்டும் கேட்டால் போதாது: குறிப்புத் தொலைவு ஓர் அறிமுகம்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் போய் பஸ்ஸர் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் இரண்டு மூன்று வகைகளை மேஜைமேல் எடுத்துப் போடுவார். இரண்டின் விவரத்தாளிலும் 85 டெசிபல் என்றே இருக்கலாம். விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒன்றில் 85-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 10 செ.மீ. என்றும், இன்னொன்றில் 30 செ.மீ. என்றும் போட்டிருக்கும். இரண்டாவதுதான் அதிகமாகக் கத்தும். கொஞ்சநஞ்சம் இல்லை, ஒலி அழுத்தத்தில் மூன்று மடங்கு. இரண்டையும் ஒரு மீட்டர் தள்ளி வைத்துக் கேட்டால் முதலாவது 65 டெசிபல், இரண்டாவது 74.5 டெசிபல்.

அந்தப் பொடி எழுத்துக்குப் பெயர்தான் குறிப்புத் தொலைவு. ஒரு பொருளிலிருந்து கிளம்பும் ஒலி, ஒளி, ரேடியோ அலை, நில அதிர்வு எதுவானாலும், தூரம் போகப் போக அதன் வலு குறையும். அப்படியானால் ‘இது எவ்வளவு வலுவானது’ என்ற கேள்விக்கு, எங்கே நின்று பார்க்கிறோம் என்று சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. ஆளாளுக்கு ஓர் இடத்தில் நின்று அளந்தால் ஒப்பிடவும் முடியாது. அதனால் துறைக்குத் துறை ஒரு தூரத்தை முடிவு செய்துகொண்டு, எல்லா அளவையும் அந்தத் தூரத்துக்குக் கொண்டுவந்து சொல்கிறார்கள்.

தூரம் கூடினால் ஏன் குறைகிறது? தோசைக்கல்லில் ஒரே கரண்டி மாவைச் சின்ன வட்டமாகவும் ஊற்றலாம், பெரிய வட்டமாகவும் இழுக்கலாம். வட்டத்தின் ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, எனவே தோசையின் தடிமன் கால்வாசி. பஸ்ஸரிலிருந்து கிளம்பும் ஆற்றலும் இப்படித்தான். அது ஒரு கோளம்போல எல்லாப் பக்கமும் விரிகிறது. கோளத்தின் ஆரம் இரட்டித்தால் மேற்பரப்பு நான்கு மடங்காகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் கால்வாசியாகிறது. பள்ளிக்கூடத்தில் எதிர்த்தகவு இருமடி விதி என்று படித்தது இதுதான்.

புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தூரம் இரட்டித்தால் ஆற்றல் கால்வாசியாகிறது, ஆனால் ஒலி அழுத்தம் பாதிதான் ஆகிறது. ஏனென்றால் ஆற்றல், அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. எதை வைத்துக் கணக்குப் போட்டாலும் டெசிபலில் ஒரே விடைதான் வரும்: தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20 குறையும். இடைப்பட்ட தூரங்களுக்கு, இரண்டு தூரங்களின் விகிதத்துக்குப் பத்தடி மடக்கை எடுத்து 20-ஆல் பெருக்கினால் போதும். 30-ஐப் 10-ஆல் வகுத்தால் 3, அதன் மடக்கை 0.477, இருபதால் பெருக்கினால் 9.5. பஸ்ஸர் கணக்கு அவ்வளவுதான். செல்போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

ஒரு மீட்டர் ஏன் இவ்வளவு பிரபலம் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒன்றால் வகுத்தால் எண் மாறாது, எனவே குறிப்புத் தொலைவு ஒரு மீட்டராக இருந்தால் 20 மீட்டரில் எவ்வளவு குறையும் என்று பார்க்க 20-இன் மடக்கை ஒன்றே போதும். இயற்கையில் ஒரு மீட்டருக்கென்று தனிச் சிறப்பு எதுவும் கிடையாது. கணக்குப் போடுகிறவரின் சோம்பலுக்கு ஏற்ற எண் அது, அவ்வளவுதான்.

எல்லா எண்ணுக்கும் தூரம் வேண்டும் என்றும் இல்லை. எல்.ஈ.டி. பல்பு அட்டையில் போட்டிருக்கும் லூமன், அந்தப் பல்பு மொத்தமாக வெளியேற்றும் ஒளியின் அளவு. அதற்குத் தூரம் தேவையில்லை. அந்த வெளிச்சம் மேஜைமேல் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ், அதற்குத் தூரம் தேவை. ஒலியிலும் இதே இரட்டை உண்டு. ஒலித்திறன் என்பது பொருளின் மொத்த வெளியீடு, ஒலி அழுத்தம் என்பது நாம் நிற்கும் இடத்தில் கேட்பது. வம்பு என்னவென்றால் இரண்டையும் டெசிபலில்தான் சொல்கிறார்கள். எல்லாப் பக்கமும் சமமாக ஒலி பரப்பும் ஒரு பொருளுக்கு, திறந்தவெளியில் ஒரு மீட்டரில் கிடைக்கும் அழுத்த அளவு அதன் ஒலித்திறன் அளவைவிட 11 டெசிபல் குறைவாக இருக்கும். ஆக, ஒலித்திறனை நேர்மையாக அச்சிட்ட கம்பெனியின் மிஷின், அழுத்தத்தை அச்சிட்ட கம்பெனியின் மிஷினைவிடச் சத்தமானதுபோல் தோன்றும். வாஷிங் மெஷின், ஏ.சி. வாங்கும்போது டெசிபலை ஒப்பிடுகிறவர்கள், எந்த டெசிபல் என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இப்போது பட்டாசுக்கு வருவோம். குறிப்புத் தொலைவு சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் நல்ல உதாரணம் இது. சிவகாசியில் தயாராகும் ஒவ்வொரு வெடிக்கும் இது பொருந்தும். 1999-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிகளைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது. நொடிப்பொழுது உச்சத்தை வேறொரு அளவுமுறையில் பார்த்தால் 145. அந்த ‘4 மீட்டர்’ இல்லையென்றால் இந்த விதிக்கு அர்த்தமே இருக்காது. அதே வெடியை ஒரு மீட்டரில் அளந்தால் 137 வரும், 20 மீட்டரில் அளந்தால் 111 வரும். தயாரிப்பாளர் தள்ளி நின்று அளந்து ‘பாஸ்’ என்பார், அதிகாரி கிட்ட நின்று அளந்து ‘ஃபெயில்’ என்பார். இருவர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

விதி தூரத்தோடு நிற்கவில்லை. குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கெட்டியான கான்கிரீட் தளத்தில் வெடிக்க வேண்டும், சுற்றி 15 மீட்டருக்குச் சுவரோ வேறு எதிரொலிக்கும் பரப்போ இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இது சும்மா சம்பிரதாயம் இல்லை. 6 டெசிபல் குறையும் என்ற கணக்கு, ஒலி தடையில்லாமல் விரிந்து போகும் இடத்தில்தான் பலிக்கும். தீபாவளியன்று இரண்டு பக்கமும் மாடிவீடுகள் நெருக்கி நிற்கும் சந்தில் ஒரு அணுகுண்டு வெடித்தால், ஒலி சுவர்களில் மோதி மோதித் தெரு நெடுகப் பாய்கிறது. தூரம் இரட்டித்தாலும் அங்கே 6 குறையாது. தெருக்கோடியில் இருப்பவருக்கும் காது அடைப்பது அதனால்தான்.

சரவெடிக்கு இதே விதியில் ஒரு அழகான சின்னக் கணக்கு உண்டு. சரத்தில் எத்தனை வெடிகளோ அந்த எண்ணின் மடக்கையை 5-ஆல் பெருக்கி, அந்த அளவை 125-இலிருந்து கழிக்க வேண்டும். நூறு வெடிகள் கோத்த சரம் என்றால் ஒவ்வொரு வெடிக்கும் வரம்பு 115. ஆயிரம் வாலா என்றால் 110. அதுவும் 4 மீட்டரில்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடித் தயாரிப்பையே தடை செய்துவிட்டது, அது தனிக்கதை.

ஒரே பொருளுக்கு இரண்டு குறிப்புத் தொலைவுகள் இருப்பதும் உண்டு. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது எழும் சத்தத்தைச் சோதிக்க, வண்டி போகும் கோட்டின் நடுவிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் மைக் வைக்கிறார்கள். சாலையோரம் நடந்து போகிறவருக்கு எவ்வளவு கேட்கிறது என்பதற்கு அது ஏறக்குறைய நியாயமான இடம். நின்ற நிலையில் சோதிக்கும்போது மைக் சைலன்சர் வாயிலிருந்து வெறும் அரை மீட்டரில், 45 டிகிரி சாய்வில் இருக்கும். பக்கத்தில் லாரி போனாலும் வண்டியின் சத்தம் மட்டும் பதிவாக வேண்டுமே, அதற்காகத்தான் இவ்வளவு கிட்டே. 7.5-க்கும் 0.5-க்கும் விகிதம் பதினைந்து, தூரத்தால் மட்டுமே 23.5 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். எஞ்சின் ஓடும் விதமும் இரண்டு சோதனைகளில் வேறு. எனவே ஒன்றின் எண்ணை எடுத்து இன்னொன்றின் வரம்போடு ஒப்பிட்டு ‘என் வண்டி சட்டப்படிதான் இருக்கிறது’ என்று வாதாடுவதில் பயனில்லை.

ஸ்பீக்கர் உலகத்தில் வழக்கம் ‘ஒரு வாட், ஒரு மீட்டர்’. ஒரு வாட் மின்சாரம் கொடுத்து, நேர் எதிரே ஒரு மீட்டரில் எவ்வளவு கேட்கிறது என்பதுதான் அதன் உணர்திறன். கோயில் கொடைக்குக் கட்டும் கூம்புக் குழாய் ஒன்றுக்கு இது 108 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 30 வாட் கொடுத்தால் ஏறக்குறைய 15 டெசிபல் கூடும், ஆக ஒரு மீட்டரில் 123. நூறு மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கு 40 குறைத்தால் 83. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது தாராளமாகப் போதும், அதாவது படிக்க முடியாமல் செய்வதற்கு. வீட்டு ஸ்பீக்கர்கள் பலவும் இதே அளவில் 90-க்குக் கீழேதான் இருக்கும். இருபது டெசிபல் வித்தியாசம் என்பது நூறு மடங்கு வாட். சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டே ஊரையே கூட்டும் குழாயின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சில்லறைத் தில்லுமுல்லும் உண்டு. சில விவரத்தாள்களில் ‘ஒரு வாட்’ என்பதற்குப் பதில் ‘2.83 வோல்ட்’ என்றிருக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் சரியாக ஒரு வாட்தான். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் கொடுத்தால் இரண்டு வாட் போகும், 3 டெசிபல் இலவசமாகக் கூடும். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் ஒப்பிடுகிறவர் ஏமாறுவார்.

அப்புறம், பலருக்கும் தெரியாத ஒன்று. ‘ஒரு மீட்டரில் இவ்வளவு’ என்று எழுதியிருந்தால் ஒரு மீட்டரில் மைக் வைத்து அளந்தார்கள் என்று அர்த்தமில்லை. ஆளுயர கச்சேரி ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துக்கொண்டால், அதில் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று பல கூம்புகள். ஒரு மீட்டரில் மைக்கை வைத்தால் எதிலிருந்து ஒரு மீட்டர்? ஒன்றுக்கு நேராக இருக்கும், மற்றவற்றுக்குச் சாய்வாக, இன்னும் தூரமாக இருக்கும். அதனால் பல மீட்டர் தள்ளி அளந்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஒரு மீட்டருக்கான எண்ணைச் சொல்கிறார்கள். மொத்தப் பெட்டியும் ஒரே புள்ளியாகச் சுருங்கி இருந்தால் ஒரு மீட்டரில் எவ்வளவு இருக்கும் என்பதுதான் அந்த எண். நிஜமாகவே ஒரு மீட்டரில் போய் நின்றால் அது கிடைக்காது. தூரத்தில் உள்ள நாற்காலிகளுக்குக் கணக்குப் போடத்தான் அது உதவும்.

கப்பல்களுக்கு இது இன்னும் வேடிக்கையாகிவிடும். கடலடியில் கப்பல் எழுப்பும் ஒலியையும் ‘ஒரு மீட்டரில்’ என்றுதான் சொல்கிறார்கள். இருநூறு மீட்டர் நீளக் கப்பலுக்கு ஒரு மீட்டர் தூரம் என்று ஓர் இடம் எங்கே இருக்கிறது? கப்பலின் உள்ளேதான் இருக்கும். ஆனாலும் கணக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. தண்ணீருக்கடியில் டெசிபலைக் கணக்கிடும் அடிப்படை அழுத்தம் 1 மைக்ரோபாஸ்கல், காற்றில் 20 மைக்ரோபாஸ்கல். இதனால் மட்டுமே 26 டெசிபல் வேறுபாடு வருகிறது. ‘திமிங்கலத்தின் குரல் ஜெட் விமானத்தைவிடச் சத்தம்’ என்று படிக்கும் செய்திகளில் பாதி இந்த 26-ஐக் கவனிக்காமல் எழுதியவை என்பது என் சந்தேகம்.

யாரும் போக முடியாத குறிப்புத் தொலைவுகளும் உண்டு. வானியலில் நட்சத்திரங்களை ஒப்பிட, எல்லாவற்றையும் 10 பார்செக் தூரத்தில், அதாவது சுமார் 32.6 ஒளியாண்டு தள்ளி நிறுத்தி வைத்ததாகக் கற்பனை செய்கிறார்கள். அங்கே அதன் பொலிவு எண் எவ்வளவு இருக்கும் என்பதுதான் தனிப்பொலிவு. பொலிவு எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் என்பது இத்துறையின் பழைய, கொஞ்சம் எரிச்சலூட்டும் வழக்கம். நம் சூரியனுக்கு இங்கிருந்து பார்க்கும்போது −26.7. பத்து பார்செக் தூரத்துக்குக் கொண்டுபோனால் 4.8. அதாவது நல்ல இருட்டில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும், ஊருக்குள் இருந்து தெரியாது. வானத்திலேயே பளிச்சென்று தெரியும் சிரியஸ், அதே தூரத்தில் 1.4. ஆக, சிரியஸ் சூரியனைவிட நிஜமாகவே வெளிச்சமான நட்சத்திரம். பக்கத்தில் இருப்பதால் மட்டும்தான் சூரியனுக்கு இந்த ஆர்ப்பாட்டம்.

நிலநடுக்கத்தில் தூரம் 100 கிலோமீட்டர். 1935-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சார்லஸ் ரிக்டர் தன் அளவுகோலை வகுத்தபோது, வுட்-ஆண்டர்சன் என்ற குறிப்பிட்ட நிலநடுக்கமானி, நடுக்கம் மையங்கொண்ட இடத்திலிருந்து 100 கிலோமீட்டரில் இருந்து, அதன் பதிவுக்கோடு ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் அது ரிக்டர் 3 என்று வைத்தார். பத்து மில்லிமீட்டர் அசைந்தால் 4. நடுக்கம் வருவது மானியைக் கேட்டுக்கொண்டு அல்ல, 40 கிலோமீட்டரிலும் வரும், 300 கிலோமீட்டரிலும் வரும். அப்படி வரும்போது 100 கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ள ஒரு அட்டவணை தேவைப்பட்டது. இதை எதிர்த்தகவு இருமடி விதியிலிருந்து எழுத முடியவில்லை. பாறை அதிர்வை விழுங்கிக்கொண்டும் வளைத்துக்கொண்டும் போவதால், தென் கலிஃபோர்னிய நிலநடுக்கங்களின் பதிவுகளைப் பார்த்தே அட்டவணை தயாரானது. வேறு நிலப்பகுதியில் அதே அட்டவணை அப்படியே பொருந்தாது. குறிப்புத் தொலைவை முடிவு செய்வது எளிது, அதற்கு மாற்றும் வழி பல துறைகளில் உழைத்துத்தான் கிடைக்கிறது.

மாற்றும் கணக்கு பொய்த்துப்போகும் இன்னொரு இடம், மிகக் கிட்டே. மொட்டை மாடியில் இருக்கும் டி.டி.எச். குடையைப் பாருங்கள். 60 செ.மீ. விட்டம், 12 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 2.5 செ.மீ. இது போன்ற ஆன்டெனாவின் அலைகள் ஒழுங்காக விரியத் தொடங்கும் தூரத்துக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: விட்டத்தின் இருமடியை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுக்க வேண்டும். விடை சுமார் 29 மீட்டர். அதற்குள் அளந்து, ‘தூரம் இரட்டித்தால் 6 டெசிபல்’ என்று நீட்டினால் தப்பாகத்தான் வரும்.

இதே தொந்தரவு, வீட்டு டி.வி., சார்ஜர் போன்றவை கசியவிடும் ரேடியோ இரைச்சலைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களிலும் உண்டு. விதிமுறை 10 மீட்டர் தூரத்துக்கு ஒரு வரம்பு சொல்கிறது. அவ்வளவு பெரிய அறை கட்டக் காசு அதிகம் என்பதால், 3 மீட்டர் அறைக்கு 10 டெசிபல் கூட்டி இன்னொரு வரம்பும் கொடுத்திருக்கிறார்கள். 10-ஐ 3-ஆல் வகுத்து மடக்கை எடுத்து 20-ஆல் பெருக்கினால் 10.5 வரும், அதை முழுதாக்கியதுதான் இது. பெரிய பொருள்களுக்கு இரண்டு அறைகளும் ஒரே தீர்ப்பைத் தருவதில்லை என்பது அங்கே வேலை செய்பவர்களின் நிரந்தரப் புலம்பல்.

இனி நம் சட்டைப்பையில் இருக்கும் ஓர் உதாரணம். கடைகளிலும் அருங்காட்சியகங்களிலும் வைக்கும் ப்ளூடூத் பீக்கன்கள் என்ற சின்ன சமிக்ஞைக் கருவிகள், தங்கள் சமிக்ஞையோடு ஓர் எண்ணையும் சேர்த்து அனுப்பும். ஆப்பிளின் ஐபீக்கன் முறையில் அது ஒரு மீட்டரில் கிடைக்கும் வலு, பொதுவாக −59 போல ஒரு எண். போன் தனக்குக் கிடைத்த வலுவை அதோடு ஒப்பிட்டு, பீக்கன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும். கூகுளின் எடிஸ்டோன் முறையில் அந்த எண், பூஜ்ஜிய மீட்டரில் கிடைக்கும் வலு! பூஜ்ஜியத்தில் யாரால் அளக்க முடியும்? ஒரு மீட்டரில் அளந்து அதோடு 41 கூட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் கூகுள் சொன்ன வழி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் ஒரு மீட்டரில் இழப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். ஐபீக்கனுக்கு எழுதிய மென்பொருளில் எடிஸ்டோனின் எண்ணைப் போட்டால், ஒரு மீட்டரில் இருக்கும் பீக்கன் நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பதாகச் சொல்லும். 41 டெசிபல் என்பது தூரத்தில் நூறு மடங்குக்கும் கொஞ்சம் மேல். வீட்டுக்குள் சுவரும் பீரோவும் ஆட்களும் குறுக்கே இருப்பதால் தூரம் இரட்டிக்கும்போது 6-க்குப் பதில் 9, 10 என்று கூடக் குறையும். பீக்கன் காட்டும் தூரத்தை ‘கிட்டே, கொஞ்சம் தள்ளி, தூரம்’ என்ற அளவில் மட்டும் நம்பலாம்.

கடைசியாக, பக்கவாட்டில் இல்லாமல் மேல்நோக்கிப் போகும் ஒரு குறிப்புத் தொலைவு. வானிலை அறிக்கையில் வரும் காற்றின் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலையில் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39 என்று இருப்பதும் அதே 10 மீட்டருக்குத்தான். தரைக்கு அருகே மரமும் வீடும் காற்றை இழுத்துப் பிடிக்கும், மேலே போகப் போக வேகம் கூடும். சமவெளிக்கு வழக்கமாகச் சொல்லும் தோராயம், உயர விகிதத்தின் ஏழாம் மூலம். 10 மீட்டரில் நொடிக்கு 5 மீட்டர் என்றால் 30 மீட்டரில் 5.85, நூறு மீட்டரில் ஏறக்குறைய 7. பெரிய மாற்றம் இல்லைபோலத் தோன்றும். ஆனால் காற்றில் இருக்கும் திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது, அதனால் நூறு மீட்டரில் கிடைப்பது 10 மீட்டரில் கிடைப்பதைப் போல 2.7 மடங்கு. முப்பந்தலில் பழைய குட்டைக் காற்றாலைகளுக்குப் பக்கத்தில் புதியவை அவற்றைவிட உயரமாக எழுவது இதனால்தான். ஆனால் ஏழாம் மூலம் சமவெளிக்கு. முப்பந்தலோ ஆரல்வாய்மொழிக் கணவாய், மலை இடுக்கு வழியே பீறிட்டு வரும் காற்று. அங்கே எந்த மூலம் பொருந்தும் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. அதனால் காற்றாலை நிறுவப் பணம் போடுகிறவர்கள் 10 மீட்டர் எண்ணைப் பெருக்கிப் பார்த்து முடிவெடுப்பதில்லை. அதே இடத்தில் உயரமான கம்பம் நட்டு, பல உயரங்களில் காற்றுமானி கட்டி, குறைந்தது ஒரு வருஷமாவது அளந்து பார்க்கிறார்கள்.